விருச்சிகமும் ஒரு முறம் தவிடும்

என்னைத் தவிட்டுக்கு விற்றபோது எனக்கு நாற்பத்தொரு வயது. நல்லூரில் சொந்தமாகத் தையல் யூனிட் நடத்துகிறேன். தலையில் பாதி வழுக்கை, சர்க்கரைக்கு மாத்திரை, எட்டாவது படிக்கிற மகள். இப்படிப்பட்ட ஆளைத்தான் யூனிட் இருக்கும் தெருவிலேயே பிள்ளையார் கோயில் வாசலில் நிற்க வைத்து, என் அம்மா ஒரு முறம் தவிட்டுக்கு விற்றாள். வாங்கியது என் யூனிட்டில் செக்கிங் மேசையில் நின்று பிசிறு வெட்டும் அம்மாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அடுத்தடுத்துப் பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், புதிதாகப் பிறந்ததை வேறொரு வீட்டாருக்குத் தவிடு வாங்கிக்கொண்டு விற்றுவிடுவார்கள். பிறகு பெற்றவர்களே, அடுத்த வீட்டுப் பிள்ளையை வளர்க்க வாங்கி வருவதுபோல் திரும்ப வாங்கி வருவார்கள். இது இந்த வீட்டுப் பிள்ளையே இல்லை என்று எமனை ஏமாற்றுகிற ஏற்பாடு. அப்படி விற்கப்பட்ட பெரியவர்கள் சிலரை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களெல்லாம் விற்கப்பட்டபோது தொட்டிலில் கிடந்தவர்கள். மீசை நரைத்தபின் விலைபோனவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

இதற்கெல்லாம் காரணம் ஒரு தேள். வானத்தில் இருக்கிற தேள்.

என் தம்பி என்னைவிடப் பத்து வயது இளையவன். அப்பா போன பிறகு நான்தான் அவனைப் படிக்க வைத்தேன். இப்போது இருவரும் சேர்ந்து யூனிட்டைப் பார்த்துக்கொள்கிறோம். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்த சமயம், சரக்கைச் சோதிக்க அங்கிருந்து ஒரு பெண் வந்தாள். வெள்ளகோவில்காரி. காலர் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று மொத்த லாட்டையும் பிரித்துத் தைக்கச் சொல்லிவிட்டாள். நான் கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அவள் அசையவே இல்லை.

"நீங்க சத்தம் போட்டா காலர் நேராயிருமுங்களா சார்?" என்று கேட்டாள்.

தம்பி அங்கேயே விழுந்துவிட்டான். கோபம் ஆறிய பிறகு எனக்கும் அவளைப் பிடித்துப்போயிற்று. என்னிடம் பயப்படாமல் பேசுகிறவர்கள் குறைவு.

விசாரித்தால் எங்கள் ஆட்களேதான். கூட்டம், அதாவது குலப்பிரிவு, வேறு; கட்டிக்கொள்ளும் முறையும் சரி. அம்மாவுக்கு வாயெல்லாம் பல். அப்புறம் ஜாதகம் வந்தது. விருச்சிக ராசி, கேட்டை நட்சத்திரம். அம்மா அந்தத் தாளை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

கேட்டையில் பிறந்த பெண் கணவனின் அண்ணனுக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை. மூலம் மாமனாருக்கு, ஆயில்யம் மாமியாருக்கு என்று ஆளுக்கொரு பங்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் மாமனார் இல்லை. மூலத்துப் பெண்ணாக இருந்திருந்தால் மேளம் அடித்து அழைத்து வந்திருப்போம். வந்தது கேட்டை, அண்ணனாக நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் நின்றுகொண்டிருந்தேன்.

நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. காலையில் டீக்கடையில் யாராவது ராசிபலன் படித்தால் பேப்பரைப் பிடுங்காத குறையாகச் சண்டைக்குப் போவேன். இது போதாதா எனக்கு? எதிரியைத் தெரிந்துகொண்டு அடிப்போம் என்று விருச்சிகத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் அம்மாவுக்குப் பாடம் எடுத்தேன்.

அந்தத் தேளை மேற்கே உள்ளவர்களும் தேளாகத்தான் பார்த்திருக்கிறார்கள். பூமியில் இருக்கிற விலங்கையெல்லாம் கொன்றுவிடுவேன் என்று ஒரு வேட்டைக்காரன் மார்தட்டினானாம். பூமித்தாய்க்குப் பொறுக்கவில்லை, ஒரு தேளை அனுப்பினாள். கொட்டியது, செத்தான். இரண்டு பேரையும் வானத்தில் ஏற்றிவிட்டார்கள், ஆனால் ஒருவரையொருவர் பார்க்காதபடி எதிரெதிராக. தேள் கிழக்கே ஏறும்போது வேட்டைக்காரன் மேற்கே இறங்கிவிடுவான். இந்தக் கதையில் தேள்தான் நியாயத்தின் பக்கம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

கேட்டை என்பது அந்தத் தேளின் நெஞ்சில் இருக்கும் சிவப்பு நட்சத்திரம். நம் பஞ்சாங்கக்காரர்களுக்கோ அது குடை, குண்டலம், ஈட்டி. ஒரே புள்ளிகளை ஒருவன் குடையாகப் பார்க்கிறான், இன்னொருவன் தேளாகப் பார்க்கிறான். அதற்கு அதிபதி இந்திரன். நாற்காலி எப்போது போகுமோ என்று எந்நேரமும் பயந்துகொண்டே இருக்கிறவன்.

விருச்சிகத்தில் சந்திரன் நீசம் என்பார்கள். சந்திரன் எங்கே நிற்கிறதோ அதுதான் ஒருவருடைய ராசி. ஆக விருச்சிக ராசியில் பிறந்த ஒவ்வொருவருக்கும் பிறக்கும்போதே ஒரு நீசத்தை எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பாவம், அவர்கள் என்ன செய்தார்கள்?

எல்லாவற்றையும்விட என்னை ஆட்டியது மூதேவி கதை. கேட்டை என்பது ஜேஷ்டா என்ற சொல்லிலிருந்து வந்தது. ஜேஷ்டா என்றால் மூத்தவள். பாற்கடலைக் கடைந்தபோது லட்சுமிக்கு முன்னால் வந்தவள் அவள்தான். முன்னால் வந்தவளை ஒருவரும் கட்டிக்கொள்ளவில்லை. அக்காவுக்கு ஆகாமல் தங்கைக்கு எப்படி என்று, ஒரு முனிவர் தலையில் அவளைக் கட்டிவைத்தார்கள். அவரும் பாதி வழியில் விட்டுவிட்டுப் போய்விட்டார். எங்கள் பக்கத்துப் பழைய சிவன் கோயில் ஒன்றில் அவள் சிலை இருக்கிறது. பெரிய வயிறு, காக்கைக் கொடி, இருபுறமும் பிள்ளைகள். ஒரு காலத்தில் விளக்கு வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். இப்போது மதில் ஓரம் உடைந்த கல்லோடு கல்லாகக் கிடக்கிறாள். வீட்டில் விளக்கேற்ற மறந்த பெண்ணைத் திட்டுவதற்கு மட்டும் அவள் பெயர் மிச்சமிருக்கிறது.

மூத்தவள் என்று பெயருள்ள ஒரு நட்சத்திரம் வீட்டுக்குள் வந்தால், ஏற்கெனவே இருக்கிற மூத்தவனுக்கு இடமிருக்காது என்று எவனோ கணக்குப் போட்டிருக்கிறான், அவ்வளவுதான் விஷயம் என்று முடித்தேன். பெருமையாக இருந்தது. அம்மா ரசத்தை ஊற்றினாள்.

"கதையெல்லாம் நல்லாத்தான் இருக்குது சாமி. தேளு கொட்டுமா கொட்டாதா, அதச் சொல்லு."

"அம்மா, தேளு தன்ற குஞ்சையெல்லாம் முதுகுல ஏத்திக்கிட்டுத் திரியுது. எந்தப் பிராணி அப்படிச் சுமக்குது?"

"சொமக்கட்டும். எனக்கு அவனுக்குக் கண்ணாலமும் ஆகோணும், நீயும் இருக்கோணும். ரெண்டும் வேணும் கண்ணு. உங்கப்பனை அனுப்பிச்சுப்போட்டு உட்காந்திருக்கறவ நானு."

ரசத்தைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்தேன். இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம்.

தம்பி இளைத்துக்கொண்டே போனான். அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு ஆகாது என்று சொல்லப்பட்ட பெண்ணை எனக்காக விட்டுவிடுவதா, தனக்காகக் கேட்பதா என்று அவனுக்கே தெரியவில்லை. அந்தப் பக்கம் அவளுக்கு வேறு இடம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்போதுதான் அம்மா ஒரு ஜோசியரைப் பிடித்தாள். அவர் வழி சொன்னார். அண்ணனுக்குத்தானே ஆகாது? அண்ணனே இல்லாமல் செய்துவிடலாம். அவனைத் தவிட்டுக்கு விற்றுவிட்டால் அவன் இந்த வீட்டுப் பிள்ளை இல்லை, மாப்பிள்ளைப் பையன்தான் தலைப்பிள்ளை, தோஷத்துக்கு வேலையே இல்லை.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துவிட்டுச் சரி என்றேன்.

அப்போது என்னைப் பற்றி எனக்கு என்ன ஒரு நல்ல அபிப்பிராயம்! தம்பிக்காக ஒருநாள் கோமாளி வேஷம் கட்டுகிறோம், போனால் நம் மானம்தானே போகிறது, போகட்டும் என்று நினைத்தேன். கொள்கையை விட்டுக்கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிற பெரிய மனிதன் ஆகிவிட்ட நினைப்பு. என் மனைவி மட்டும் அன்று காலையிலேயே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "எனக்கு அங்க நின்னு பாக்க மனசில்லீங்க" என்று சொல்லிவிட்டுச் சேவூரில் தன் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். கட்டின புருஷனைக் கோமாளியாகப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் என்னை வைத்தே புரிந்துகொள்கிற புத்தி எனக்கு.

வாங்குகிறவர் வேறு சாதியாக, வேறு ஊராக இருக்க வேண்டும் என்றார்கள். பிசிறு வெட்டும் அம்மாள் திருநெல்வேலிப் பக்கம். புருஷனோடு பிழைக்க வந்து வெகுகாலம் ஆகிறது. விஷயத்தைச் சொன்னதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நானா மொதலாளி? ஒங்களையா? எங்க வீட்டுல ஒங்களுக்குக் கட்டில் கூடக் கெடயாதே."

மதிய இடைவேளையில் நடந்தது. நான் சட்டையில்லாமல் வேட்டி கட்டி, ஈரத்தலையோடு நின்றேன். என் தொப்பையை என் டைலர்கள் முழுசாகப் பார்த்தது அன்றுதான். யூனிட் ஆட்கள் எல்லோரும் சாப்பாட்டுத் தட்டோடு வந்து நின்றார்கள். பீகார் பையன்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சார் கா பர்த்டே ஹை க்யா?" சாருக்குப் பிறந்தநாளா என்று ஒருவன் இந்தியில் கேட்டது என் காதில் விழுந்தது. செல்போன்கள் மேலே எழுந்தன. உடம்பெல்லாம் கூசியது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது.

பெண் வீட்டாரும் சாட்சிக்கு நிற்க வேண்டும் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். அவள் அப்பா அம்மாவோடு செருப்பு விடும் இடத்தருகே நின்றிருந்தாள். பட்டுப்புடவை. நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்துவிடுவாளோ என்று பயம்.

பூசாரி உரக்கச் சொன்னார், இந்தப் பெண்ணின் கேட்டை தோஷம் இவரைத் தாக்காதிருக்க இவரை விற்கிறோம் என்று. அம்மா முறத்தை நீட்டினாள். அந்த அம்மாள் தவிட்டைக் கொட்டினார். என் கையைப் பிடித்து இழுத்து, தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த அம்மாளுக்கு ஒன்றும் ஒளித்துப் பேசத் தெரியாது. எட்டிப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்:

"அந்தா நிக்கில்லா, அந்தப் புள்ளையா மொதலாளி? அதாலயா ஒங்க உசுருக்கு ஆவாது?"

எல்லாத் தலைகளும் திரும்பின. எல்லாச் செல்போன்களும் திரும்பின. அவள் தரையைப் பார்த்தாள். எனக்கு முதலில் தோன்றியது நிம்மதி. அப்பாடா, என் தொப்பையை விட்டுவிட்டார்கள். மற்றவர்கள் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. நான் மேடை ஏறக் கூடாது. விற்ற பொருள் அல்லவா? பந்தியில் திருநெல்வேலி அம்மாளின் குடும்பத்தோடு உட்கார்ந்து, ஒரு விருந்தாளியாகச் சாப்பிட்டேன். "மவனே, பாயாசம் வாங்கிக்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் லீவு முடிந்தும் வரவில்லை. போன் போட்டால், பெத்தவளை இப்படியா விரட்டுவது என்று என்னையே மடக்கினார். இதையெல்லாம் நண்பர்களிடம் நானே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டொரு மாதத்தில் என் வெட்கம் எனக்கு ஒரு நல்ல கதையாகிவிட்டது.

தம்பி மனைவி கம்பெனி வேலையை விட்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தம்பியிடம் கேட்டேன். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னான். கோயில் வீடியோ அவள் ஆபீஸ் வரைக்கும் போயிருக்கிறது. யாரோ அவள் மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் தேளை வைத்திருக்கிறார்கள். அவள் அதை எடுத்துக் குப்பையில் போட்டிருக்கிறாள். மறுநாள் இன்னொன்று. சோதனைக்குப் போகிற யூனிட்களில் முதலாளிமார், "அம்மிணி, எனக்குத் தம்பி இருக்கறானுங்க, பாத்து" என்று விளையாடியிருக்கிறார்கள். ஒரு லாட்டைத் திருப்பி அனுப்பினால்கூட, கொட்டிவிட்டது என்று சொல்லிச் சிரித்தார்களாம்.

என் மனைவி அன்று எதைப் பார்க்க மாட்டாமல் பஸ் ஏறினாள் என்று அப்போதுதான் புரிந்தது. கோயில் வாசலில் விற்கப்பட்டவன் நான் என்றே அதுவரை நினைத்திருந்தேன். இவளுடைய பெயரைத்தான் தெருவில் வைத்து ஏலம் போட்டிருக்கிறோம், அதற்கு நான் சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆனால் நான் அவளிடம் போய் ஒன்றும் பேசவில்லை. தம்பியிடம் மட்டும், நம் யூனிட்டிலேயே குவாலிட்டி பார்க்கட்டும் என்றேன். பெரிய மனசு என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பேச்சைக் கேட்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

இந்த வருஷம் மழைக்காலத்தில், காங்கேயம் ரோட்டில் ஒரு பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது என் பைக் சறுக்கியது. காறை எலும்பு உடைந்தது, தோளில் பிளேட் வைத்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஊரே வந்து பார்த்தது. வந்தவர்கள் எல்லோரும் எலும்பைப் பற்றி ஒரு வாக்கியம் கேட்டுவிட்டு, குரலைத் தணித்து, "அதுதானுங்களோ?" என்றார்கள். அம்மா வாயே திறக்கவில்லை. அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், மருமகளைத் தாங்கு தாங்கு என்று தாங்குகிறவள்தான்.

அவள் மட்டும் வரவில்லை. வேளாவேளைக்குக் கஞ்சி வந்தது. வைப்பது என் மனைவி, வண்டியில் கொண்டுவருவது அவள் என்று தம்பி சொன்னான்.

"அப்பறம் ஏன் மேல வாரதில்லே?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"நானு ஒண்ணுஞ் சொல்லுல சாமி. நெசமாச் சொல்லுல. அவளாத்தான் கீழயே உட்காந்துக்கறா."

ஜன்னலுக்கு வந்து பார்த்தேன். வண்டி நிறுத்தும் இடத்தில், தகரக் கொட்டகைக்கு அடியில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கஞ்சித் தூக்குப்போசி. தம்பி வந்து வாங்கிக்கொண்டு போகக் காத்திருக்கிறாள். கட்டுப்போட்ட கையோடு நானே படி இறங்கினேன். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"ஏனுங்க மாமா எறங்கி வந்தீங்க? கைய அசைக்கக் கூடாதுன்னு சொன்னாங்களே."

"நீ ஏங்கண்ணு மேல வரலே?"

நான் என் பாடத்தை ஆரம்பித்துவிட்டேன். அந்த நட்சத்திரத்தின் வெளிச்சம் இங்கே வருவதற்கே பல நூறு வருஷம் ஆகிறது, பஸ் டிரைவருக்குக் கேட்டையும் தெரியாது சித்திரையும் தெரியாது, ரோட்டில் மணல் கிடந்தது, நான் வேகமாக வந்தேன். சின்னப் பிள்ளை பேசுவதைக் கேட்பதுபோல் பொறுமையாகக் கேட்டாள்.

"அதெல்லாம் எனக்குந் தெரியுமுங்க மாமா. ஜாதகம் பொருந்துலீன்னப்ப எங்கூட்ல எல்லாரும் அழுதாங்க. நானு சிரிச்சனுங்க. அவிங்க அண்ணன் இதுக்கெல்லாம் டீக்கடையில நின்னு சண்டை போடறவரு, அவரு பாத்துக்குவாருன்னு எங்கம்மாகிட்டச் சொன்னனுங்க. பாத்தா, அன்னிக்குக் கோயல்ல நீங்களே வந்து நின்னீங்க."

நான் கட்டுத்துணியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன், அவள் மேலே சொன்னாள்.

"மத்தவங்க நம்புனா எனக்கு ஒண்ணுமில்லீங்க. நம்பாத நீங்களே தவிட்டுக்கு நின்னப்ப, அப்ப எனக்குள்ள என்னமோ இருக்குதாட்ட இருக்குதுன்னு ஆயிருச்சுங்க. நீங்க உளுந்துட்டீங்கன்னு போன் வந்தப்ப எல்லாரும் உங்களுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. எனக்கு, நானு என்ன பண்ணிப்போட்டன்னுதானுங்க வந்துச்சு."

காலரைப் பார்த்து நேருக்கு நேர் என்னிடம் பேசிய பெண். அவள் குரலில் வருத்தம்கூட இல்லை, சரக்கில் இருக்கிற குறையைச் சொல்வதுபோல் சொன்னாள். செத்துப்போகலாம் போல வெட்கமாக இருந்தது. மன்னிச்சுக்க கண்ணு என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் என்னைப் பற்றிய பேச்சாகத்தான் முடியும் என்று தோன்றியது. சொல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். அவள் பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்து நின்றாள்.

"இங்கயே சாப்பிடறேன்" என்றேன். தூக்குப்போசியின் மூடி இறுகியிருந்தது, ஒரு கையால் திருக வரவில்லை. "தொறந்து கொடு கண்ணு."

அவள் தூக்குப்போசியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கை பாதி வரைக்கும் வந்தது. பிறகு திரும்பி, வண்டிக்கு டோக்கன் போடுகிறவரைக் கூப்பிட்டு, இதைக் கொஞ்சம் திறந்து இவரிடம் கொடுங்கள் என்று சொன்னாள்.